ரோஜா மாஸ்டரின் கால்கள்

கேக் கடையில் அவரை ரோஜா மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினேழு வருடமாக க்ரீமில் ரோஜா போட்ட கை. ஒரு நாள் வேலை முடிந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்து நின்றார்.

"இன்னொண்ணு எங்கே?" மனைவி தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

குனிந்து பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. "வழியில எங்கேயோ கழண்டிருக்கு போல."

"ரோட்டுல கல்லு குத்தலையா? காலா, மரக்கட்டையா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். அடுத்த மாதம் அந்தக் கால் மரக்கட்டையாகவே ஆனது. பிறகு இன்னொரு கால், பிறகு விரல் நுனிகள். ரோஜா இதழ்கள் கோணிப்போயின. படி இறங்க அவள் தோள் வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் பார்த்ததில் சர்க்கரை நோய் இல்லை. குடி, புகை உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்றார்; அது பொய்யுமில்லை. பி12 வைட்டமின் குறைந்தால் இப்படி ஆகும் என்று ரத்தத்தைச் சோதித்தார்கள். அதுவும் சரியாக இருந்தது. கடைசியில் இடுப்பு ஸ்கேனில் முதுகெலும்பின் ஒரு வட்டு பிதுங்கித் தெரிந்தது. அந்த வயதில் எத்தனையோ பேருக்கு இருக்கும் பிதுக்கம்தான். வேறு காரணம் கிடைக்காததால் பழி அதன் தலையில் விழுந்தது. வியாழக்கிழமை ஆபரேஷன்.

புதன்கிழமை பிற்பகல் அவளுடைய தம்பி வார்டுக்கு வந்தான். விழா வீடுகளுக்குப் பலூன் அலங்காரம் செய்கிறவன்.

"சீக்கிரம் எழுந்து வாங்க மாமா. நீங்க இல்லாம பார்ட்டி களைகட்டவே மாட்டேங்குது. பலூனெல்லாம் உங்களைத்தான் தேடுது."

பேசாதே என்று கணவர் அவனிடம் கண்ணைக் காட்டினார். அதை அவள் பார்த்துவிட்டாள். தம்பியின் சட்டையைப் பிடித்து நடைபாதைக்கு இழுத்து வந்தாள்.

"என்ன பலூன்?"

"சும்மா தமாஷுக்குக்கா."

"எனக்கு இப்ப சிரிப்பு வரல. சொல்லு."

சொன்னான். க்ரீமை நுரைக்க வைக்கும் வாயு, கடைக்குச் சின்னச் சின்ன இரும்பு உருளைகளில் வருவது. பலூனில் அடைத்து இழுத்தால் ஒரு நிமிடம் தலை லேசாகும், காது ரீங்கரிக்கும், காரணமில்லாமல் சிரிப்பு வரும். இரண்டு வருடத்துக்கு முன்னால் பார்ட்டிகளில் ஒன்றிரண்டாக ஆரம்பித்தது, இப்போது தினமும் ஐம்பது உருளைக்குப் போயிருந்தது.

"சாப்பாட்டுல போடறதுதானேக்கா. பல் டாக்டர்கூட இதைத்தான் கொடுக்கறாரு."

பல் டாக்டர் அதில் பிராணவாயுவைக் கலந்து, பக்கத்திலேயே நின்று கவனித்துக்கொண்டு கொடுப்பார். அது அவனுக்குத் தெரியாது. வெறும் வாயுவை இழுத்து மூச்சு நின்று போனவர்கள் உண்டு என்பதும் தெரியாது.

"கால் மரத்துப்போகுதுன்னாரு. பி12 மாத்திரை போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாங்க. நான்தான் வாங்கிக் கொடுத்தேன்."

ரத்தப் பரிசோதனையை ஏமாற்றியது அந்த மாத்திரைதான்.

"டாக்டர்கிட்ட சொல்லப்போறேன்."

"அக்கா, நில்லு. க்ரீமுக்குன்னு வாங்கினா குத்தமில்ல. இழுக்கறதுக்குன்னு வித்தா உள்ள தள்ளிடுவாங்க. வித்தது நான்."

"உங்க மாமாவுக்கேவா?"

அம்மா போன பிறகு, ஆறு வயதிலிருந்து அவளிடம் வளர்ந்தவன்.

அவள் கட்டிலுக்குத் திரும்பினாள். கணவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிடியில் வலுவே இல்லை.

"சொல்லிடாதே. அவன் வாழ்க்கை பாழாயிடும். ஆபரேஷன் பண்ணா எல்லாம் சரியாப் போயிடும்."

"நோவே இல்லாத இடத்துல கத்தி வச்சா எது சரியாப் போகும்?" கையை உதறிவிட்டு டாக்டர் அறைக்குப் போனாள்.

டாக்டர் முழுவதும் கேட்டார். திட்டவில்லை. ஆபரேஷன் பட்டியலில் பேரை அடித்தார், வேறொரு ரத்தப் பரிசோதனை எழுதினார். மறுநாள் அவளை உட்கார வைத்துச் சொன்னார்: உடம்பில் வைட்டமின் இருக்கிறது, ஆனால் இந்த வாயு அதை வேலை செய்ய விடாமல் கெடுத்துவிட்டது. தண்டுவட நரம்புகளின் மேலுறை தேய்ந்துவிட்டது.

"ஊசி போடறோம். யார் கொடுத்தாங்கன்னு நான் கேக்கல. அவர் நிறுத்தலைன்னா ஊசியும் வீண்தான்."

"கால் வருமா?"

"மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா வேற பதில் சொல்லியிருப்பேன்மா."

அன்றே தம்பிக்குப் போன் போட்டாள். "இனி என் வீட்டு வாசல்ல ஒரு உருளை வந்துச்சுன்னா, போலீசைக் கூப்பிடப்போறது நான்தான். தம்பின்னு பார்க்க மாட்டேன்." அதன் பிறகு உருளையும் வரவில்லை, அவனும் வரவில்லை.

எட்டு மாதத்தில் கைகள் திரும்பின. ஸ்டூலில் உட்கார்ந்து அரை நாள் ரோஜா போடுகிறார். கால்கள் பாதிதான் வந்தன. தரையைப் பார்த்தால் நடப்பார். கண்ணை மூடினால் பாதம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சாய்ந்துவிடுவார். அதனால் தலைக்குக் குளிக்கிற நாளில் அவளும் குளியலறைக்குள் போய், உடுப்பு நனைய, அவர் தோளை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

"அவன் ஏதாச்சும் பேசினானா?" முகமெல்லாம் நுரையோடு ஒரு நாள் கேட்டார்.

"ஆடாம நில்லுங்க" என்று சொல்லித் தண்ணீரை ஊற்றினாள்.