ஒன்றரை மாதத்துக் குசினி

"ஒன்றரை மாசம் மஹத்தயா, அதுக்கு மேல ஒரு நாள் போகாது" என்று கொத்தனார் வேலைக்கு வந்த சிங்கள பாஸ் சொன்னபோது நான் நம்பினேன். கட்டட வேலை பார்க்கிற எவரும் முதல் நாளில் உண்மை சொல்வதில்லை என்று இப்போது தெரியும். அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. அந்த வயதில் தெரிந்திருக்க வேண்டியதுதான்.

கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் நிறுக்கும் வேலை எனக்கு. தோட்டத்து லயத்து வரிசை அறையை விட்டு, ஏழு பேர்ச் காணியில் கட்டிய வீட்டுக்கு வந்து சில வருடமாகியிருந்தது. என் மனைவி அரபு நாட்டில் ஒரு வீட்டில் வேலைக்கிருந்தாள். மகளும் நானும் இங்கே. மனைவியின் இரண்டு வருட அக்ரிமென்ட் முடிய மூன்று மாதம் இருந்தது. அவள் வருவதற்குள் குசினியை உடைத்துப் புதிதாகச் செய்துவிட வேண்டும் என்று நான் முடிவு செய்தேன்.

எப்படிச் செய்வது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. அவள் ஒருநாள் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவள் வேலை செய்யும் வீட்டின் குசினி. வெள்ளை அலமாரிகள், நடுவில் கறுப்புக் கல் பதித்த நீள மேசை, மேலே தொங்கும் மூன்று விளக்குகள். படத்தோடு ஒரு வார்த்தையும் இல்லை. நான் உடனே அவளுக்குக் கோல் எடுத்தேன். "ரொம்ப அழகா இருக்கே. இது மாதிரியே நம்ம வீட்டுல செஞ்சுருவோமா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் வெட்டிவிட்டது என்று நினைத்தேன். பிறகு, "செய்ங்க" என்றாள்.

பாஸ் வந்த முதல் நாளே பழைய விறகடுப்பை இடித்தார். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். நானே இரண்டு அடி அடித்தேன். மறுநாள் அவர் வரவில்லை. கரண்டியும் சுத்தியலும் வைத்த அவருடைய ஆயுதப் பை மட்டும் எங்கள் முன்வாசல் இஸ்தோப்பில் கிடந்தது. எங்கள் பக்கத்து பாஸ்மார் ஒரே நேரத்தில் மூன்று வீட்டு வேலையைப் பிடிப்பார்கள். பையை ஒரு வீட்டில் வைத்துவிட்டுப் போனால், அந்த வீட்டுக்காரன் வேறு ஆளைத் தேட மாட்டான். பை இருக்கிறதே, வந்துவிடுவார் என்று நானும் இருந்தேன். நான் போன் எடுத்தால் சிங்களத்தில் "தவ சுமானயக்" என்பார். இன்னும் ஒரு கிழமையாம், ஏழே நாளாம். அந்தக் கிழமைக்கு எத்தனை நாள் என்று அவரைப் படைத்தவனுக்குத்தான் வெளிச்சம்.

பிறகு சித்திரையில் சிங்களப் புத்தாண்டு வந்தது. ஊருக்குப் போனவர் வேலை தொடங்கும் சுபநேரம் பார்த்து, அதற்கும் ஒரு கிழமை கழித்துத்தான் திரும்பினார். அவரை மட்டும் திட்டி என்ன பயன்? ஆடி பிறந்ததும் புது அடுப்பை வைக்கக்கூடாது என்று பிடிவாதமாக நின்றது நான்தான். மழைக்காலத்தில் பெயின்ட் காயவில்லை. மாவனல்லையில் செய்வித்த அலமாரிகளைக் கொண்டுவந்து வைத்தால், சுவர் கோணல், இரண்டு விரல் இடைவெளி. திருப்பி அனுப்பினோம். கறுப்புக் கல் வந்தது. படத்தில் இருந்த கல்லில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் உண்டு, இதில் இல்லை. போனில் படத்தைப் பெரிதாக்கி பாஸிடம் காட்டினேன். "இதேதான் வேணும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கல்லும் திரும்பிப் போனது.

இதெல்லாம் முடிவதற்கு வெகு முன்னமே, புத்தாண்டு சமயத்தில், மனைவியின் அக்ரிமென்ட் முடிந்திருந்தது. "குசினி அரைகுறையா இருந்தா பரவால்லீங்க, நான் வந்துர்றேன்" என்றாள்.

"அடுப்பில்லாத வீட்டுக்குள்ள எப்பிடி வருவ?" என்றேன். "வந்ததும் பால் காய்ச்சணும். லயத்துல இருந்து அத்தனை பேரும் பாக்க வருவாங்க. இடிச்ச சுவரையா காட்டுறது?"

எங்கள் பக்கத்தில் வெளிநாடு போன பெண் திரும்பி வந்தால், சனங்கள் முதலில் பார்ப்பது அவளுடைய முகத்தை அல்ல, வீட்டைத்தான். என்ன கட்டினார்கள், என்ன வாங்கினார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் சுகம் விசாரிப்பார்கள். அந்தப் பார்வைக்கு நான் பயந்தேன். அதைப் பயம் என்று அப்போது சொல்லிக்கொள்ளவில்லை. அவளுக்கு மரியாதை செய்வதாகத்தான் நினைத்தேன்.

"எத்தனை நாள் எடுக்கும்?" என்று கேட்டாள்.

"இன்னும் ஒரு மாசம்."

அங்கே ஒரு மாதத்துக்கெல்லாம் அக்ரிமென்ட் கையெழுத்து இல்லை. போட்டால் ஒரு வருடம். அவள் போட்டாள். அதற்குப் பிறகு எனக்கு அவசரமும் போய்விட்டது. "ஆறுதலா செய்ங்க பாஸ், திருத்தமா இருந்தா போதும்" என்று நானே சொன்னேன். மகள் மட்டும் அடிக்கடி, "அம்மாவ வரச் சொல்லுங்கப்பா, நான் கேஸ் குக்கர்ல சமைச்சுக்குவேன்" என்பாள். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்றரை மாதம் பதினான்கு மாதமானது. ஆனால் வேலை முடிந்தபோது, படத்துக்கும் எங்கள் குசினிக்கும் ஒரு வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. விளக்குகூட மூன்று.

அவள் வந்தாள். லயத்துச் சனம் வந்தது. பால் பொங்கியது, எல்லோரும் கல்லைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். அவள் தோள்பையைக் கழற்றாமல் குசினி வாசற்படியிலேயே நின்றாள். பயணக் களைப்பு என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் எழும்பியபோது வீட்டுக்குள் அவளைக் காணவில்லை. பின்பக்கம் தகரக் கூரையின் கீழ் மூன்று கல்லைக் கூட்டி, ரப்பர் விறகு வைத்து உலை ஏற்றியிருந்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"பதினாலு மாசம் ஒனக்காக ஒத்தக் கால்ல நின்னு செஞ்சிருக்கேன். நீ இங்க வந்து ஊதிக்கிட்டு இருக்க."

அவள் ஊதுவதை நிறுத்தவில்லை. பிறகு வலது கையை என் பக்கம் நீட்டினாள். மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை தோல் சுருங்கி, நிறம் மாறியிருந்தது. வந்த நாளிலிருந்து நீளக்கை சட்டை போட்டிருந்தாள். நான் ஏன் என்று கேட்கவில்லை.

"அந்தக் குசினியிலதான் கொதி எண்ணெய் கொட்டுச்சு. அழுதேன். விருந்தாளிங்க இருக்காங்க, சத்தம் போடாதன்னு மேடம் கதவ சாத்துனாங்க. யாருக்காச்சும் சொல்லணும் போல இருந்துச்சு. கையப் படம் புடிச்சு அனுப்புனா நீங்க பயந்துருவீங்க. அதான் எடத்தப் புடிச்சு அனுப்புனேன். நீங்க கோல் எடுத்து என்னன்னு கேப்பீங்கன்னு நெனச்சேன்."

நான் கோல் எடுத்தேன்தான். எடுத்து, அழகா இருக்கிறது என்றேன்.

"பொறகு ஏன் ஒரு வருஷம் கையெழுத்துப் போட்ட?" என்று கேட்டேன்.

"நீங்கதானே இன்னும் வீடு முடியலன்னு சொன்னீங்க."

அவளை அந்தக் கதவுக்குள் இன்னொரு வருடம் நிறுத்தி வைத்தது மேடம் அல்ல. நான்தான். அவள் வெந்த இடத்தை அங்குலம் அங்குலமாக அளந்து, புள்ளி மாறினால் கல்லைத் திருப்பியனுப்பி, எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.

அவள் விறகை உள்ளே தள்ளினாள். "ஒவ்வொரு தடவ போன் அடிக்கும்போதும், இன்னைக்கு வரச் சொல்லிருவாருன்னு நெனச்சுத்தாங்க எடுப்பேன்" என்றாள்.