எல்சேயார் சாமியின் பக்கத்தில் ஒரு தச்சர்

அல்மோசா போத்வேனுக்கு யாரையும் மன்னித்துப் பழக்கமில்லை. கியூபெக் நகரத்தில் அவள் வேலை பார்த்த அகராதி அலுவலகத்தில் எல்லாருக்கும் இது தெரியும். நாட்டின் பெரிய மனிதர்களுடைய வாழ்க்கை வரலாறுகளைத் தொகுக்கும் அகராதி அது. செத்த வருடப்படி ஆட்கள் வரிசையாக ஏறுவார்கள். தளபதி, திருச்சபை ஆயர், மரவியாபாரி, மந்திரி என்று ஒவ்வொருவரையும் தோண்டித் துருவ ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. அதில் அல்மோசாவின் மேசைக்கு வந்தவர்களுக்குத்தான் கெட்ட காலம். ஊருக்குப் பாலம் கட்டிக்கொடுத்த புண்ணியவான் என்று பேரெடுத்தவர், அந்தப் பாலத்தில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை என்று கண்டுபிடித்துச் சொல்வாள்.

"அல்மோசா கையில சிக்குனா செத்தவனும் தப்ப முடியாது" என்பார் பதிப்பாசிரியர் வெசினா. பாராட்டாகத்தான் சொல்வார். அவளும் பாராட்டாகவே எடுத்துக்கொள்வாள்.

தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவள், ஆராய்ச்சிக்கு ஏறி, கல்யாணம் என்ற பேச்சையே அண்டவிடாமல் இருபது வருடத்தை அங்கேயே கழித்தாள். அவள் எதற்காகக் காத்திருந்தாள் என்பது யாருக்கும் தெரியாது. அகராதி 1934-ஆம் வருடத்தில் செத்தவர்களை எட்ட வேண்டும். அந்த வருடம் செத்தவர், மோன்சிஞோர் என்ற திருச்சபைப் பட்டம் பெற்ற பங்குச்சாமி எல்சேயார் துஃபூர். ஏரிக்கரையில் காட்டை வெட்டிக் குடிகளை அமர்த்தியவர், சேன்-லுதோவிக் ஊரின் தந்தை. அல்மோசாவின் அப்பாவை நாய் மாதிரிப் புதைத்தவரும் அவர்தான்.

அப்பா ஒனெசிம் போத்வேன் தச்சர். அந்த ஊர்க் கோயிலின் கூரைச் சட்டங்கள் முழுவதும் அவர் கை வேலை. கூரை முடிந்ததும் கோபுரத்தை இன்னும் உயர்த்த வேண்டும், வீட்டுக்கு ஓர் ஆள் இலவசமாக வேலைக்கு வரவேண்டும் என்று எல்சேயார் சாமி பிரசங்கத்தில் உத்தரவு போட்டார். பூசை முடிந்து படிக்கட்டில் ஜனங்கள் நின்றபோது ஒனெசிம் எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்: "சாமி, பாதி வீட்டுல கூரை ஒழுகுது. பரலோகத்துல இருக்கறவருக்குக் கோபுரம் எதுக்கு, அவருக்கு மேலேருந்தே தெரியுமே?" ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். சாமி சிரிக்கவில்லை.

அடுத்த வருடம் ஏப்ரலில், ஏரியில் உறைந்திருந்த பனி இளகத் தொடங்கிய சமயத்தில், ஒனெசிம் சறுக்குவண்டி ஓட்டிக்கொண்டு ஏரியைக் கடக்கப் போனார். பனி உடைந்து வண்டியும் குதிரையும் அவரும் உள்ளே போனார்கள். உடல் கிடைத்தபோது சாமி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "அந்தப் பனியில காலை வெச்சவன் சாகத்தான் போயிருக்கான்." தற்கொலை செய்தவனுக்குப் பூசை கிடையாது, மணி கிடையாது, மந்திரித்த மண்ணும் கிடையாது. ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தைகளைப் புதைக்கும் இடத்தில், கல்லறை வேலிக்கு வெளியே குழி தோண்டினார்கள். அல்மோசாவுக்கு அப்போது பதினொரு வயது. பெரியப்பா ஃபிலேயா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோயில் நிர்வாகியாக இருந்தவர் அவர். தம்பிக்காகச் சாமியிடம் கெஞ்சிப் பார்த்ததாக ஊரில் பேச்சு.

அம்மா தெலிமா பிள்ளையை இழுத்துக்கொண்டு ஷிகூத்திமி பட்டணத்துக்குப் போய்த் துணி வெளுத்துப் பிழைத்தாள். சாமியைப் பற்றி ஒரு வசை சொன்னதில்லை. அவளுடைய கேள்வி வேறு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த கடைசி வாரம்கூட அதையே கேட்டாள்.

"என்னை விட்டுட்டுப் போகணும்னு அந்த மனுஷனுக்கு ஏன்டி தோணிச்சு? நான் என்ன குறை வெச்சேன்?"

"அப்பா சாகப் போகலம்மா."

"சாமி சொன்னாரே."

அந்தக் கேள்வியோடுதான் அவள் கண்ணை மூடினாள். அல்மோசாவுக்கு நெஞ்சில் மிச்சமிருந்த கொஞ்ச நஞ்ச ஈரமும் அன்றோடு வற்றிப்போயிற்று.

1971-இல் அகராதி அந்த வருடத்தை எட்டியது. பெயர்களைப் பிரித்துக் கொடுத்தபோது எல்சேயார் சாமியை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். வெசினா ஒன்றும் கேட்கவில்லை. போத்வேன் என்ற பெயர் அந்தப் பக்கமெல்லாம் நிறைந்து கிடக்கிறது.

தன் கையால் அந்த மனிதரைச் சந்தியில் நிறுத்த வேண்டும் என்ற ஆசையோடுதான் வேலையைத் தொடங்கினாள். ஆனால் தோண்டத் தோண்ட, வேண்டாததெல்லாம் வந்தது. விஷக்காய்ச்சல் பரவிய குளிர்காலத்தில் சாமி பனிச்செருப்பு மாட்டிக்கொண்டு நடந்தே போய் வைத்தியரைக் கூட்டிவந்திருக்கிறார். தன் கம்பளியை நோயாளிக்குக் கொடுத்துவிட்டு வைக்கோலில் படுத்திருக்கிறார். இதைச் சொன்ன கிழவர்களின் குரல் தழுதழுத்தது. அல்மோசா பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். ஒரு நல்லதை மறைத்தால்கூட, சொல்லப்போகும் கெட்டதை ஒருவனும் நம்பமாட்டான். அவளுக்கு வேண்டியது யாராலும் அசைக்க முடியாத ஒரு வரி.

சேன்-லுதோவிக்குக்குப் போனபோது ஊர் திருவிழாக் கோலத்தில் இருந்தது. ஜூலையில் சாமிக்குச் சிலை திறக்கப் போகிறார்கள். ஆயரின் பிரதிநிதி வருகிறார். சாமியோடு பழகியவர்களில் மிஞ்சிய ஒரே நிர்வாகி என்று எண்பத்திரண்டு வயது ஃபிலேயா பெரியப்பாதான் கோயில் படிக்கட்டில் நின்று பேசப் போகிறார்.

பெரியப்பா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். மருமகளிடம் சொல்லிக் கறியடைத்த பணியாரம் சூடாக எடுத்துவரச் செய்தார். ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"அகராதியில என் பேரும் வருமா பிள்ளே?"

"சொல்றதைப் பொறுத்து, பெரியப்பா. அப்பா செத்த அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

"காலையில பார்த்தேன். வெறும் வண்டிய ஓட்டிக்கிட்டுப் போனான். திரும்பிப் பார்த்து என்னமோ போய்ட்டு வரேன்னு கையைத் தூக்குனான் பாரு, அப்பவே எனக்குப் பட்டுச்சு. சாமி கேட்டாரு. பொய் சொல்ல வாய் வரலை, சாகத்தான் போனான்னு சொல்லிட்டேன்."

அவ்வளவு காலமும் சாமி தானாகச் சொன்ன தீர்ப்பு என்றுதான் அல்மோசா நினைத்திருந்தாள். பெரியப்பா சாட்சி சொன்னார் என்பது புதுச் செய்தி. ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் கருவியை நிறுத்தினாள்.

மறுநாள் முதியோர் இல்லத்தில் விட்டலினைப் பார்த்தாள். எல்சேயார் சாமியின் வீட்டில் சமையலும் சகலமும் பார்த்தவள். காது மந்தம், வாய் மட்டும் கூர்மை.

"உங்கப்பனா? தங்கமான ஆளு, வாய்தான் அடங்காது" என்றாள் விட்டலின். "உன் பெரியப்பன் அன்னிக்கு சாமி வீட்டு அடுப்படியில வந்து உக்காந்து அழுதான் பாரு. என்னன்னு நெனச்சே? குதிரைக்காக. 'என் கருங்குதிரை போச்சே, என் கருங்குதிரை போச்சே'ன்னு. தம்பி போனது அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு அவனுக்கு."

"குதிரை பெரியப்பாவோடதா?"

"பின்னே? ஒனெசிமுக்கு ஏது குதிரை? அவனோடது கால் ஒடிஞ்சு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்துடுச்சே. ஏன் பிள்ளே, சாகப் போறவன் அடுத்தவன் குதிரையை இரவல் வாங்கிட்டா போவான்? நான் சாமிகிட்ட கேட்டேன். 'அடுப்பைப் பாரு விட்டலின்'னாரு. பார்த்தேன்."

அல்மோசா நேராகப் பெரியப்பா வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் உடம்பு கொதித்தது. அவர் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சிலைத் திறப்புப் பேச்சை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவள் உட்காரவில்லை.

"கருங்குதிரையை எதுக்கு அப்பாகிட்ட குடுத்தீங்க?"

அவர் முகம் வெளிறிப்போனது. கொஞ்ச நேரம் மறுத்தார். பிறகு விட்டலினைக் கிழட்டுப் பிசாசு என்றார். பிறகு தானே சொன்னார். அக்கரையில் கள்ளச் சாராயப் பீப்பாய்கள் வந்து இறங்கியிருந்தன. அவர்தான் ரகசியமாக வாங்கி விற்பவர். குடிக்கு எதிராக ஊரில் கறுப்புச் சிலுவை நட்டு வைத்த சாமிக்குக் கீழே நிர்வாகியாக இருந்துகொண்டு அவரே போய் எடுக்க முடியாது. பனி தாங்கும் என்று சொல்லித் தம்பியை அனுப்பினார்.

"அவன் வேணாம்னுதான் சொன்னான். 'பயமாடா'ன்னு கேலி பண்ணேன், போய்ட்டான். நான் வேணும்னா செஞ்சேன்? சாமி எதுக்குப் போனான்னு கேட்டாரு. என்னத்தச் சொல்றது? பதவி போயிருக்கும், மானம் போயிருக்கும்."

"எங்கம்மா சாகற வரைக்கும் தன்னைவிட்டு ஓடிப்போன புருஷன்னே நெனச்சுக்கிட்டிருந்தா. அதுக்கு என்ன விலை வெச்சிருக்கீங்க?"

அவர் அழுதார். அவர் அழுது முடிக்கும்வரை அவள் நின்றாள். பிறகு சொன்னாள்.

"சிலை திறக்கற அன்னிக்குப் படிக்கட்டுல நின்னு நீங்களே சொல்லணும். எல்லாத்தையும்."

"நான் செத்தப்புறம் எழுதிக்கயேன். இன்னும் எத்தனை நாள் இருக்கப் போறேன்?"

"உசுரோட இருக்கறப்ப வேணும். நீங்க சொன்னா, அகராதியில உங்க பேர் வராது. சொல்லலேன்னா வரும். விட்டலின் சொன்னதோட, இன்னிக்கு நீங்க சொன்னதோட வரும். உங்க பேரப்பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல படிப்பாங்க. எது வேணும்னு பார்த்துக்குங்க."

"நீ ஒனெசிமுக்குப் பொறந்தவளா? அவன் ஒரு ஈயைக்கூட அடிக்கமாட்டான்."

"அதனாலதான் வேலிக்கு வெளியில கிடக்கார்" என்றாள் அல்மோசா.

சிலைத் திறப்பு அன்று நல்ல வெயில். பூசை முடிந்து, துணி விலக்கி, கைதட்டல் ஓய்ந்தபிறகு பெரியப்பா படியில் ஏறினார். அல்மோசா முதல் வரிசையில், அவர் கண்ணில் படும்படி நின்றாள். எழுதிவைத்த பேச்சில் பாதியை வாசித்தார். விஷக்காய்ச்சல், பனிச்செருப்பு, பள்ளிக்கூடம். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவள் இருந்த பக்கம் பார்த்தார். அவள் பார்வையை நகர்த்தவில்லை.

"என் தம்பி ஒனெசிம் சாகப் போகலை" என்றார். "நான்தான் அனுப்பினேன். சாராயம் எடுத்துவர. சாமிகிட்ட பொய் சொன்னதும் நான்தான்."

ஆயரின் பிரதிநிதி தன் மோதிரத்தைத் திருகிக்கொண்டு நின்றார். மகன் வந்து கிழவரின் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிப்போனான். ஜனங்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். மரியாதைக்காக ஒதுங்கியதல்ல அது.

அல்மோசாவுக்கு அந்தக் கணத்தில் உடம்பெல்லாம் இனித்தது. அதை அவள் பின்னால் யாரிடமும் மறைத்ததில்லை.

அலுவலகத்தில் வெசினா கட்டுரையைப் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். சாமியின் நற்செயல்கள் எல்லாம் முழுமையாக இருந்தன. கடைசிக்கு முந்தின வரி இப்படி இருந்தது: "1932-இல், தம் கோயிலின் கூரையை அமைத்த தச்சரும் தம்மைப் பொதுவில் விமர்சித்தவருமான ஒனெசிம் போத்வேன் விபத்தில் மூழ்கி இறந்தபோது, உறவினர் ஒருவரின் பொய்யை விசாரிக்காமல் ஏற்று, அவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தார்."

"போத்வேன். யாரும்மா இது?"

"எங்கப்பா."

வெசினா கண்ணாடியைக் கழற்றினார். "இருபது வருஷமா இதுக்குத்தான் உக்காந்திருந்தியா?"

"ஆமா."

"இதை நீ எழுதியிருக்கக் கூடாது. தெரியுமில்ல?"

"தெரியும். நீங்களே ஆள் விட்டு விசாரிங்க. ஒரு வார்த்தை தப்புன்னா அந்தப் பக்கத்தையே கிழிச்சுப் போட்டுடுங்க. வேலையையும் விட்டுடறேன்."

அவர் விசாரித்தார். ஊரே சாட்சியாக இருந்தது. கட்டுரையின் கீழே அவள் பெயருக்குப் பதிலாகத் தன் பெயரைப் போட்டு, அந்த வரியைத் தொடாமல் அச்சுக்கு அனுப்பினார். பெயர் போனதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. அகராதியின் பெயர்ப்பட்டியலில் ஆயர்களுக்கும் மந்திரிகளுக்கும் நடுவே 'போத்வேன், ஒனெசிம், தச்சர்' ஏறியிருந்தது. அது போதும்.

அந்த இலையுதிர் காலத்தில் பெரியப்பா ஆள் அனுப்பினார். சீட்டாட ஒருவனும் வருவதில்லை, மகன்கூட முகம் பார்த்துப் பேசுவதில்லை என்று வந்தவன் சொன்னான். அல்மோசா போனாள். அவர் படுக்கையில் பாதியாக இளைத்திருந்தார்.

"மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு பிள்ளே. நீ சொன்னதைச் செஞ்சேனே."

"செஞ்சீங்க. நானும் பேர் போடலை. கணக்கு முடிஞ்சது. மன்னிப்பு எங்கம்மாகிட்ட கேக்க வேண்டியது, அவ இல்லை."

காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பனிக்காலத்தில் அவர் செத்தபோது அடக்கத்துக்குப் போகவில்லை. அன்று ஒரு ரயில்பாதை ஒப்பந்தக்காரரின் பொய்ப் பட்டங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

வசந்தத்தில் ஊரின் புதுப் பங்குச்சாமி ரெஜான் தேடிக்கொண்டு வந்தார். இளைஞர், அங்கி போடாமல் கம்பளிச் சட்டையில் வந்திருந்தார். கல்லறை வேலியைப் பெயர்த்து ஒனெசிமையும் அந்தக் குழந்தைகளையும் உள்ளே சேர்த்துக்கொள்ள ஊர் தயாராக இருக்கிறது, பாட்டுப் பூசை வைத்து, கோயில் மணி அடித்து எல்லாம் செய்யலாம் என்றார்.

"குழந்தைங்களுக்குச் செய்யுங்க சாமி. அதுங்க அம்மாமார் யாராவது இன்னும் இருப்பாங்க. எங்கப்பாவை நான் கூட்டிட்டுப் போறேன்."

"அவர் கட்டின கோயில் அது. ஊர் பிராயச்சித்தம் பண்ண ஆசைப்படுது."

"ஆசைப்படட்டும்."

மண் இளகியதும் தோண்டி எடுத்தார்கள். ஊர் ஜனங்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சாலையோரம் நின்றார்கள். சிலர் அவளிடம் பேச நெருங்கினார்கள். அவள் யாருக்கும் தலையசைக்காமல் வண்டியில் ஏறிக்கொண்டாள். ஷிகூத்திமியில், தெலிமாவின் பக்கத்தில் அவரை இறக்கினார்கள். குழி மூடியபிறகு, வேலையாட்கள் போகட்டும் என்று காத்திருந்து, அல்மோசா குனிந்து அம்மாவின் கல்லில் கை வைத்தாள்.

"ஏரியில தவறித்தான் விழுந்தார்ம்மா" என்றாள். "உன்னை விட்டுட்டுப் போகலை, வீட்டுக்குத் திரும்பி வரத்தான் போனார்."