எந்தப் பரவால்ல?

நான் குடியிருக்கும் மாடி அறைக்குக் கீழ்வீட்டில் இருப்பவர் முடிதிருத்துபவர். கடைத்தெருவில் ஒற்றை நாற்காலி போட்ட சலூன் அவருடையது. அவரைப் பற்றி எழுதலாமா என்று கேட்டபோது, “எழுது தம்பி, பேரை மட்டும் போட்டுடாத. படிச்சவங்க யாராவது முடி வெட்ட வந்துடப் போறாங்க, தலைய விட நோயத்தான் அதிகமா விசாரிப்பாங்க” என்றார். ஆகவே இங்கே அவர் அண்ணன், அவர் மனைவி அண்ணி. அதற்கு மேல் கேட்காதீர்கள்.

பத்தொன்பது வருடமாக, வெட்டி முடித்ததும் அண்ணன் கைக்கண்ணாடியை எடுத்து வந்தவரின் பிடரிக்குப் பின்னால் பிடிப்பார். எதிரே இருக்கும் பெரிய கண்ணாடியில் பின்மண்டை தெரியும். மனிதன் தன் பின்மண்டையைப் பார்ப்பது மாதத்துக்கு ஒரு தடவைதான். அதனால் ஏதோ தூரத்துச் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோலக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்வார்கள்: “பரவால்ல.”

நம் மொழியில் இதைப் போல ஆளை ஏமாற்றும் வார்த்தை கிடையாது. காலை மிதித்தவனிடமும் பரவால்ல. காய்ச்சல் விட்டதா என்று கேட்டாலும் பரவால்ல. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். உளவியலில் முதுகலை, முதல் வகுப்பு. சான்றிதழை அப்பாவிடம் நீட்டியபோது, முத்திரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு “பரவால்லயே!” என்றார். அந்த ‘யே’வுக்காக இன்னும் இரண்டு பட்டம் வாங்க நான் தயார்.

அண்ணனும் அப்படித்தான் இருந்தார். சொன்னவர் எந்த அர்த்தத்தில் சொன்னாலும் பாராட்டாகவே வாங்கிப் போட்டுக்கொள்வார். போன வருடம்தான் தபாலாபீஸ் குமாஸ்தா ஒருவர், கண்ணாடியைப் பார்த்துவிட்டு, “போன தடவ நல்லா இருந்துச்சு” என்றார். குமாஸ்தா போய்விட்டார். அவர் சொன்னது போகவில்லை.

அதனால்தான் நோய் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். தூக்கமும் பசியும் அதற்கு இரண்டு மாதம் முன்பே கெட்டிருந்தன என்கிறாள் அண்ணி. ஆனால் அன்றிலிருந்து அண்ணன் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

“பரவால்லன்னா எந்தப் பரவால்ல சார்? நல்லா இருக்குன்னு பரவால்லயா, போய்த் தொலையட்டும்னு பரவால்லயா?”

கையில் சவரக்கத்தியோடு ஒருவர் இப்படிக் கேட்டால் யாரும் நிதானமாகப் பதில் சொல்வதில்லை. மருந்துக்கடைக்காரர் பாதிச் சவரத்தோடு எழுந்து ஓடிவிட்டார். கைக்கண்ணாடி பவுடர் டப்பாவுக்குப் பின்னால் ஒளிந்தது. ஒரு நாள் ஷட்டரே இறங்கியது. அடுத்த மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிடுவதாகக் கட்டடக்காரரிடம் அண்ணன் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சாவி போனால் நாற்காலி போகும். நாற்காலி போனால் அவருக்குத் தெரிந்த ஒரே வேலை போகும்.

“நான் இல்லாமப் போயிட்டா இந்தத் தெருவுல நாலு பேர் தலையாவது நல்லா இருக்கும்” என்றார் ஒரு மாலை. வேறு யார் சொன்னாலும் சிரித்திருப்பேன். அண்ணி என்னை மாடிப்படியில் மறித்தாள். “மூளையத்தானே படிச்சிருக்க? மாடில உன்ன வாடகைக்கு வெச்சு என்ன பிரயோசனம்? ஏதாவது செய்.”

ஆஸ்பத்திரியின் மூளை ஆராய்ச்சிப் பிரிவில் எனக்கு உதவியாளர் வேலை. (அம்மா ஊரில் என்னை டாக்டர் என்றே சொல்லி வைத்திருக்கிறாள். திருத்த இன்னும் நேரம் கிடைக்கவில்லை.) நிஜ டாக்டரிடம் மறுநாளே இருவரையும் கூட்டிப் போனேன். டாக்டரம்மா ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது மனச்சோர்வு நோய் என்றார்.

“மூளைல ஒரு செல்லு இன்னொரு செல்லுக்குச் சேதி சொல்ல ரசாயனங்கள் இருக்கு. அதுல ஒண்ணு கொறைஞ்சிடுச்சு, அவ்வளவுதான்னு சுருக்கமாச் சொல்ல முடியாது. எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியல. ஆனா அதுங்கள்ல ஒண்ணு மேல வேலை செய்யற மாத்திரை நெறைய பேருக்குக் கை கொடுக்குது.”

“ரசாயனம்னா சாயம் மாதிரியா டாக்டர்? சாயம்னா நானே கலக்குவேன்.”

“கலக்கறத என்கிட்ட விடுங்க. பலன் தெரிய மூணு நாலு வாரம் ஆகும். நடுவுல நிறுத்தக் கூடாது. வாரம் ஒரு தடவ வந்து பேசணும்.”

“நாலு வாரமா? சாயமே அரை மணில புடிச்சிடுமே!”

தெரிந்தவர்களை ஆராய்ச்சியில் சேர்க்கக் கூடாது என்பது விதி. ஆனாலும் அண்ணனுக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்கே காட்ட, “நம்ம சோதனைய விளையாட்டா ஒரு தடவ போட்டுக் காட்டு” என்றார் டாக்டரம்மா. கணினி முன்னால் உட்கார வைத்தேன்.

“அண்ணே, ரெண்டு படம் வரும். ஒண்ணத் தொடணும். சரின்னா பச்சை, தவறுன்னா சிவப்பு. ரெண்டுல ஒரு படம்தான் சரி. ஆனா அதத் தொட்டாலும் கம்ப்யூட்டர் அப்பப்பப் பொய்யா தவறுன்னு சொல்லும். ஒரு தடவ சொன்னதும் பயந்து மாத்தாதீங்க. திரும்பத் திரும்ப வந்தா மட்டும் மாத்துங்க.”

“புரிஞ்சிடுச்சு தம்பி. புளுகுணி. அவ்வளவுதானே?”

ஒன்பது பச்சை வரிசையாக வந்தன. அண்ணன் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. பத்தாவது சிவப்பு. ஷாக் அடித்தவர்போலக் கையை இழுத்துக்கொண்டு, திரையைப் பார்த்து, “மன்னிச்சுக்குங்க” என்றார்.

“அண்ணே, அது மெஷின்.”

“மெஷினுக்கே புடிக்கல பாரு.”

உடனே அடுத்த படத்துக்குத் தாவினார். அது தவறான படம். அங்கே நிஜச் சிவப்பு. திரும்ப இங்கே. திரும்ப அங்கே. முடிந்ததும், எத்தனை பச்சை வந்தது என்று கேட்டேன். “பச்சை வந்துச்சா?” என்றார். வந்தது நாற்பத்தொன்று.

“இதுதான் விஷயம்” என்றார் டாக்டரம்மா. “தவறுங்கிறது உங்களுக்கு மைக் வெச்ச மாதிரி கேக்குது. சரிங்கிறது அடுத்த தெருவுல பேசற மாதிரி.”

“அய்யோ, அதேதான் டாக்டர்!” என்றாள் அண்ணி. “சாப்ட வாங்கன்னு நூறு தடவ கூப்பிட்டாலும் காதுல விழாது. சட்டை அழுக்கா இருக்கேன்னு ஒரு தடவ சொன்னா ரெண்டு நாள் பேச்சு கெடையாது.”

“இப்பவும் குத்தம்தானே சொல்ற” என்றார் அண்ணன்.

பேருந்தில் திரும்பும்போது நான் பாடம் எடுத்தேன். “குமாஸ்தா சொன்னதும் இந்தக் கம்ப்யூட்டர் சொன்ன மாதிரி பொய்தாண்ணே. பெரிசா எடுத்துக்காதீங்க.” முதல் வகுப்பில் தேறியவன் சொன்னால் சரியாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் நம்பினேன்.

மாத்திரை தொடர்ந்தது, பேச்சும் தொடர்ந்தது. மூன்றாவது வாரம் சாம்பாரில் உப்பில்லை என்றார் அண்ணன். குறை சொல்லிவிட்டாரே என்று அண்ணி சந்தோஷத்தில் என் கதவைத் தட்டினாள். ஐந்தாவது வாரம் அதே விளையாட்டை மறுபடி போட்டேன். முதல் சிவப்பு வந்ததும் முகம் சுருங்கியது. ஆனாலும் அதே படத்தையே தொட்டார். பச்சை. “புளுகுணி” என்று திரையைத் திட்டினார். ஆனால் சாவியைக் கொடுக்கும் முடிவில் மட்டும் மாற்றமில்லை. “விளையாட்டு வேற தம்பி, தலை வேற.”

மாதக் கடைசி ஞாயிறு, சாமான் கட்ட மூவரும் கடைக்குப் போனோம். சாயங்காலம் கட்டடக்காரர் வருவார். சாவி மேசைமேல் இருந்தது. நான் பவுடர் டப்பாக்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கயிறு போட்டேன். பாதி தூக்கிய ஷட்டருக்கு அடியில் இரண்டு செருப்புக் கால்கள் வந்து நின்றன. குனிந்து உள்ளே வந்தவர் அதே குமாஸ்தா.

“கடை தொறந்திருக்கா?”

“இல்ல சார், காலி பண்றோம்.”

“அப்ப சீக்கிரம் வெட்டிடுங்க” என்று நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். “ரெண்டு மாசமா வேற எடம். பாருங்க, எலி கொறிச்ச மாதிரி.”

அண்ணன் என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், எலி கொறித்த இடத்தைப் பார்த்தார். கடைசியாகப் பார்த்ததை அவரால் சகிக்க முடியவில்லை. துணியைப் போர்த்தினார். கத்தரி ஓடியது. பாதியில் கேட்டே விட்டார்.

“சார், அன்னிக்கு ‘போன தடவ நல்லா இருந்துச்சு’ன்னு சொன்னீங்களே...”

“சொன்னேனா?”

“சும்மா பேச்சுக்குச் சொல்லியிருப்பாருண்ணே” என்று நான் முந்திக்கொண்டேன்.

“சும்மா எதுக்குப்பா சொல்றேன்?” குமாஸ்தா யோசித்தார். “ஆங், ஞாபகம் வந்துடுச்சு. இடது காதுக்கு மேல ஏத்திட்டாரு. மாடிப்படி மாதிரி. ஆபீஸ்ல ஒரு வாரம் என்னய வெச்சு ஓட்டுனாங்க.”

என் முதுகலை அங்கேயே முடியோடு முடியாகத் தரையில் விழுந்தது. அண்ணி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கத்தரி நின்றது.

“நெஜமாவே தப்பா வெட்டிட்டனா?”

“ஆமாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? வளந்துடுச்சு.”

அண்ணன் குனிந்து அந்த இடது காதைப் பார்த்தார். பிறகு மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. பல மாதமாகக் கேட்காததால் அது சிரிப்பு என்று கண்டுபிடிக்க எனக்குச் சற்று நேரமானது.

முடிந்ததும் அவர் கை தானாகக் கண்ணாடியைத் தேடியது. பெட்டிக்குள் கட்டிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அண்ணி எப்போது எடுத்தாளோ, நீட்டினாள். அண்ணன் பிடரிக்குப் பின்னால் பிடித்தார். குமாஸ்தா தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“பரவால்ல.”

அண்ணன் கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

“எந்த...” என்று ஆரம்பித்தார் அண்ணன். அண்ணி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

“எந்தப் பக்கம் சார் வகிடு எடுக்கட்டும்?”

அண்ணி கண்ணைத் திறந்தாள். மேசைமேல் இருந்த சாவியை எடுத்துச் சுவரிலிருந்த பழைய ஆணியில் மாட்டினாள். என்னைப் பார்த்து, “என்ன பாத்துட்டு நிக்கிற? பவுடர் டப்பாவுக்குப் போட்ட கயித்த அவுத்துப் போடு” என்றாள்.