பள்ளமும் போன இடம்

முழங்காலில் நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும் இந்த ஆள் ஒரு காலத்தில் மலையேறினான் என்றால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்தத் தைல வாசனை வந்தால் போதும், எனக்கு ஊட்டிக் குளிரும் கோதண்டமும் சேர்ந்தே வந்துவிடுகிறார்கள்.

கோதண்டம் திறந்தவெளி நிலக்கரி மைன்ஸில் என்னோடு ஒரே ஷிஃப்ட். நான் தென்காசிப் பக்கமிருந்து பிழைக்க வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவன். அவனோ கம்மாபுரம் பக்கத்துக்காரன். வீட்டையும் நிலத்தையும் சுரங்கத்துக்குக் கொடுத்ததில் கிடைத்த வேலை அது. ஊர்க்கதை மட்டும் பேசமாட்டான். கேட்டால், “அதான் போயிடுச்சே, வுடுண்ணே” என்பான்.

ஒரு லீவில் ஊட்டி போனவர்கள், அனுமதி வாங்கிக்கொண்டு முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள்ளும் நடந்தோம். புல்வெளி ஏறி இறங்கி ஏறிக்கொண்டே இருந்தது. குரங்குக் குல்லாயும் நானுமாக வந்த கோலத்தைப் பார்த்து வரையாடுகளே ஒதுங்கி நின்றன. மலை விளிம்புக்குப் போனால் எதிரே வெறும் மூடுபனி.

கூட வந்த வனக்காவலர், “இன்னிக்கு ஒண்ணும் தெரியாது சார், திரும்பிடலாம்” என்றார். என் கால்கள் உடனே சம்மதித்தன. கோதண்டம் பாறையில் உட்கார்ந்துவிட்டான்.

“இவ்ளோ தூரம் வந்துட்டு, பாக்காம வரமாட்டேன்.”

காத்திருந்தோம். ஒரு காற்றில் பனி கலைந்தது. காலடியிலிருந்து பாறை செங்குத்தாக இறங்கி, எங்கோ கீழே கேரளத்துக் காடு தெரிந்தது. தினமும் சுரங்க விளிம்பில் சாவகாசமாக நிற்கிறவன், என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

“இது யாரும் வெட்டாத பள்ளம், இல்லண்ணே?”

“ஆமாம்பா.”

“எங்க வூடு இருந்த எடமும் இப்ப பள்ளம்தான். ஷிஃப்ட்டுக்கு எறங்கும்போதெல்லாம் தலைக்கு மேல, பழைய தரை இருந்த ஒசரத்தப் பாப்பேன். இங்க அடுப்படி, அங்க கெணறுன்னு நெனச்சிக்கினே போவேன்.”

இறங்கும் வழியெல்லாம் அவன்தான் பேசினான். கொல்லையில் பலா பழுத்தால் தெருவே மணக்குமாம். தங்கச்சி கல்யாணத்துக்கு முந்திரிக்காட்டை ஒட்டிப் பந்தல் போட்டார்களாம். அத்தனை வருஷப் பேச்சையும் அன்றைக்கே பேசினான்.

ரிட்டையரானதும் நான் டவுன்ஷிப்புக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டேன். அவன் பண்ருட்டியில் மகள் வீட்டில் இருக்கிறான். போன மாதம் வந்திருந்தபோது, தெரிந்தவர்களிடம் சொல்லி அவன் வீடு இருந்த பக்கம் போய்ப் பார்த்தோம். கரி எடுத்து முடித்த இடத்தை மண் கொட்டி நிரப்பி மரம் வைத்திருக்கிறார்கள். தரை சமமாகக் கிடந்தது. கோதண்டம் அங்குமிங்கும் நடந்தான். ஒரு மரத்தடியில் நின்றான், பிறகு வேறொன்றுக்குப் போனான்.

“பள்ளம் இருந்த வரைக்கும் கை காட்ட ஒரு எடம் இருந்துச்சிண்ணே” என்றான்.

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவனே முதலில் திரும்பி நடந்தான்.