அலமாரி மேல் ஆப்பிள்கள்

ஆப்பிள் கிடங்கில் அவளுக்குத் 'தோல் டாக்டர்' என்று பெயர். பழத்தோலைப் பார்த்துப் பார்த்தே கண்ணுக்கடியில் கருவளையம் விழுந்துவிட்டது. காற்றைக் குறைத்து மூடிய குளிரறைகளில் பழம் மாதக்கணக்கில் பளபளவென்று கிடக்கும். வெளிச்சூட்டுக்கு வந்த பிறகுதான், தோலுக்குள் ஏற்கெனவே கெட்டுப்போன பொருள்கள் பழுப்பாக முகம் காட்டும். வெயில் பட்டுச் சிவந்த பக்கம் தாக்குப்பிடிக்கும். வெளிறிய பக்கம் முதலில் மாட்டிக்கொள்ளும். அதனால் ஓர் அறையைத் திறக்குமுன் சில பழங்களை ஒரு வாரம் சூட்டில் வைத்துப் பார்ப்பாள். கிடங்கின் ஹீட்டர் பழுதானதிலிருந்து அவை அவள் வீட்டு அலமாரி மேல்தான் இருக்கும்.

கடைசி அறை பாக்கி. அது தேறினால் பெட்டி கட்டும் பெண்களுக்கு சீசன் முடியும்வரை வேலை உண்டு. நாத்தனாரும் அவர்களில் ஒருத்தி.

வாரம் முடிந்த அன்று மாலை, கால்களை இழுத்துக்கொண்டு வீடு வந்து, அலமாரி மேல் துழாவினாள். தூசுதான் இருந்தது.

"பழம் எங்கங்க?"

"வாடுதேன்னு அன்னைக்கே ஃபிரிட்ஜுல வெச்சிட்டேன்," என்றான் கணவன். "பாரு, ஒரு கறை இல்ல. பொண்டாட்டி மாதிரி பாத்துக்கிட்டேன்."

"தெரியுது. குளிர்ல வெறச்சுக் கெடக்கு."

இத்தனை வருஷம் அந்தப் பழங்கள் கிட்டவே போகாத மனுஷனுக்கு இந்த வாரம் பார்த்துப் பொறுப்பு வந்திருந்தது. சண்டை போடவும் தெம்பில்லை. மேனேஜருக்கு போன் போட்டாள்.

"சார், இன்னும் ஒரு வாரம் வேணும்."

"விடிஞ்சா லாரி வருதும்மா! பழம் நல்லா இருக்கா, இல்லையா?"

"நல்லா இருக்கு. ஆனா ஃபிரிட்ஜுல இருந்துடுச்சு. இத நம்பிச் சொல்ல முடியாது."

அவர் கத்தி ஓய்ந்தார். லாரி வருவது நின்றது. மறுநாள் வேலையில்லாமல் நாத்தனார் வந்து நின்றாள்.

"நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா முத்தா உதிர்ந்துடும், அண்ணி?"

அவள் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பழங்களை மறுபடி அலமாரி மேல் அடுக்கினாள். பழம் தேறாது என்ற தன் கணிப்பு பொய்யாகட்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டாள். வாரம் முடியுமுன்பே வெளிறிய பக்கங்களில் டீ சிந்தியதுபோல் பழுப்பு படர்ந்துவிட்டது.

"மொத்த அறையும் ஜூஸுக்குத்தான்," என்றாள் நாத்தனாரிடம்.

நாத்தனார் ஒரு பழத்தை எடுத்துத் திருப்பினாள். "இந்தப் பக்கம் நல்லாத்தானே இருக்கு அண்ணி?"

"ம்."

"உள்ளயும் நல்லாத்தான இருக்கும்?"

"இருக்கும்."

"அப்புறம் என்ன?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "தோலச் சீவியா கடைக்கு அனுப்ப முடியும்?" என்றாள்.