கொட்டத்தின் கிழக்கு மூலை

ஒத்தக்கடையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மாட்டுக்கொட்டத்தை இடித்தபோது எனக்கு எட்டு வயது. வீட்டில் அதிகம் சந்தோஷப்பட்டது நான்தான். அந்தக் கொட்டத்தின் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். மாதத்தில் மூன்று நாள் அது என் அம்மாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அதைக் கட்டியவர் அப்பாவின் தாத்தா. தான் குடியிருக்கக் கூரை வேய்ந்துகொண்டு மாடுகளுக்கு ஓடு போட்டவர் என்று ஊரில் அவரைப் பற்றிப் பாதி கேலியாகவும் பாதி பெருமையாகவும் சொல்வார்கள். யானைமலைப் பக்கம் வெட்டிய கல்தூண்கள், வைரம் பாய்ந்த பனை உத்திரங்கள். உழவுமாடுகள் ஜோடி ஜோடியாக நின்ற இடம். எனக்கு நினைவு தெரிந்தபோது மிஞ்சியது ஓர் எருமையும் அதன் கன்றும்தான். வயலையெல்லாம் கல் ஊன்றி பிளாட் போட்டுவிட்டார்கள். உழ நிலம் இல்லாதவனுக்குக் கொட்டம் எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, உடைந்த ஓட்டை மாற்றுவதையும் அப்பா விட்டுவிட்டார்.

எருமைக்கு எதிரே, கிழக்கு மூலையில்தான் அம்மா அந்த மூன்று நாளும் இருப்பாள். வீட்டுக்குத் தூரம் என்பார்கள். ஒரு கோரைப்பாய், தலைக்குச் சுருட்டிய சாக்கு, தனித் தட்டு, தனிச் சொம்பு. சமையல் எங்களோடு இருந்த அப்பாவின் அக்காவிடம் போய்விடும். அத்தை பாத்திரங்களோடு சண்டை போட்டுக்கொண்டே ரசம் வைப்பார். அம்மாவை நான் தொடக் கூடாது. தொட்டால் உடுப்பைக் கழற்றி, தலையோடு தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அத்தை என்னை உள்ளே விடுவார்.

மூத்திரம் ஓடும் சின்ன வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அம்மா. பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருப்பாள். பட்டப்பகலில், வாயைத் திறந்துகொண்டு, ஈ மொய்ப்பதுகூடத் தெரியாத தூக்கம். மற்ற நாட்களில் அம்மா படுத்து நான் பார்த்ததே இல்லை. நான் எழுவதற்குள் எழுந்து, நான் தூங்கிய பிறகு படுப்பவள். அதனால் அப்படிக் கிடப்பவளைப் பார்த்தால் எனக்கு அழுகை வரும். அம்மாவுக்கு என்னவோ பெரிய நோய் என்று நினைத்துக்கொள்வேன்.

சித்தப்பா மதுரையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். எங்கள் தெருவில் முதன்முதலாகப் பேப்பர் வாங்கியவர் என்பதால் அவர் சொல்லுக்கு வீட்டில் மரியாதை உண்டு. மேலூர் ரோட்டில் ஆள் பெருகுகிறது, கொட்டத்தை இடித்துவிட்டு லைன் வீடு கட்டி வாடகைக்கு விடலாம் என்று அப்பாவை அரித்தெடுத்தார். அப்பா சம்மதித்ததும் சித்தப்பாவே அடுப்படி வாசலில் வந்து நின்றார், கையில் பரிசோடு வந்தவரைப் போல.

"மதினி, இனிமே நீங்க எருமகிட்டப் போயிக் கெடக்க வேணாம். எந்த நாளா இருந்தாலும் வீட்டுக்குள்ளயே இருங்க. காலம் மாறிப்போச்சு."

அவர் சொன்னது சரிதான். ஐப்பசி மழையில் ஒழுகும் ஓட்டுக்கடியில், கொசுவும் சாணி நாற்றமுமாக ஒருத்தியைத் தள்ளி வைப்பதை இன்றைக்கும் நான் நல்ல வழக்கம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா அரிவாள்மனையிலிருந்து நிமிரவில்லை.

"அம்புட்டையும் இடிக்கணுமா தம்பி? அந்தக் கெழக்கு மூலைய மட்டும் விட்டுருங்களேன். ஓரமாக் கெடந்துட்டுப் போகுது."

"எதுக்கு மதினி?"

அம்மா அடுத்த கத்தரிக்காயை எடுத்துக் காம்பை அரிந்தாள். பிறகு, "வெறகு போட்டு வைக்கலாம்" என்றாள்.

"காஸ் அடுப்புக்கு எழுதிக் குடுத்துட்டேன், இனி வெறகு எதுக்கு?" என்று சித்தப்பா சிரித்தார்.

மறுநாள் அப்பாவுக்குப் பரிமாறும்போது அம்மா மறுபடியும் அதே மூலையைக் கேட்டாள். அங்கேதான் கக்கூஸ் வருகிறது என்றார் அப்பா. அம்மா வாய் திறந்து எனக்கு இது வேண்டும் என்று கேட்டு அதற்கு முன் நான் கண்டதில்லை. அதற்குப் பிறகும் கண்டதில்லை.

எருமையைத் தரகர் ஓட்டிப் போனார். ஓட்டைப் பிரித்தார்கள். கயிறு கட்டி இறக்கிய உத்திரங்களில் ஒன்றுகூட உளுத்திருக்கவில்லை என்று வேலையாட்கள் ஆச்சரியப்பட்டார்கள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தூண்கள் விழ விழ நான் கை தட்டினேன்.

அடுத்த வாரமே அம்மாவுக்கு அந்த நாள் வந்தது. தீட்டோடு வீட்டுக்குள் நடமாடினால் குலம் விளங்குமா என்று அத்தை முணுமுணுத்தார். இனிச் சமையல் தன் தலையில் விழாது என்பது உறைத்ததும் காலம் மாறிவிட்டதை அவரும் ஒத்துக்கொண்டு, மேலூரில் இருந்த மகள் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார். அம்மா எங்களுக்குச் சமைத்தாள். கொத்தனாருக்கும் சித்தாள்களுக்கும் டீ போட்டாள். தொட்டிக்குத் தண்ணீர் இறைத்தாள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தவளை நான் பின்னால் போய்க் கட்டிக்கொண்டேன். யாரும் என் தலையில் தண்ணீர் ஊற்றவில்லை. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

மத்தியானம் அம்மாவைக் காணோம். தேடிப் போனால், கொட்டம் இருந்த வெட்டவெளியில், அதே கிழக்கு மூலையில், ஓட்டுக் குவியலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். நிழல் என்று ஒன்றும் இல்லை. கொத்தனார் கயிறும் முளைக்குச்சியுமாக வந்து, அவளை எழுப்பத் தயங்கியபடி நின்றார்.

"அக்கா, செத்த எந்திரிச்சுக்கங்க. இங்கனதான் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டணும்."

அம்மா எழுந்து சேலையில் ஒட்டியிருந்த செம்மண் தூசியைத் தட்டினாள். எருமையை நினைத்துத்தான் முகம் அப்படி வாடிக் கிடக்கிறது என்று எண்ணி, தேற்றுவதற்காக அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இனிமே நீ எல்லா நாளும் எங்ககூடயே இருப்பேல்லம்மா?"

"ஆமாடி" என்றாள் அம்மா. "எல்லா நாளும்."

அன்று சாயங்காலம் தெரு முழுக்க அதை நான் நல்ல சேதியாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.