திருநீர்மலையில் நான்கு கோலம்

சிறுசேரி கம்பெனியில் வேலை போன பிறகு பகலெல்லாம் நான் செய்தது நான்கே காரியம். பால்கனியில் நிற்பேன், சோபாவில் உட்காருவேன், கட்டிலில் படுப்பேன், ஹாலில் நடப்பேன். பள்ளியில் பாடம் எடுத்துவிட்டு மாலையில் வரும் மனைவி, "இன்னைக்கு என்ன பண்ணீங்க?" என்பாள். எரிச்சலில் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவேன்.

ஒரு சனிக்கிழமை இருவரும் திருநீர்மலைக்குப் போனோம். வேலை கேட்டு வேண்டிக்கொள்ளத்தான். அடிவாரக் கோயிலில் பெருமாள் நின்றுகொண்டிருந்தார். மூச்சு வாங்க மலையேறினால் ஒரு சந்நிதியில் படுத்திருந்தார், ஒன்றில் உட்கார்ந்திருந்தார், இன்னொன்றில் நடந்துகொண்டிருந்தார். பலமுறை பார்த்ததுதான். அன்றைக்குத்தான் உறைத்தது. அவரும் அதே நான்கைத்தான் செய்கிறார். யாரும் அவரை எதுவும் கேட்பதில்லை, கும்பிடுகிறார்கள். சும்மா இருப்பது அவமானம் என்று எனக்கு யார் சொன்னது? வேண்டிக்கொள்ளவே மறந்துபோய், துளசியை வாயில் போட்டுக்கொண்டு இறங்கினேன். மனசு லேசாக இருந்தது.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. அந்த லேசும் இன்னும் போகவில்லை. நேற்றும் அவள் கேட்டாள்.

"நின்னேன், உக்காந்தேன், படுத்தேன், கொஞ்சம் நடந்தேன்."

அவள் சிரிக்கவில்லை. "சரி பெருமாளே, நிக்கிற கோலத்தை மட்டும் சிங்க் பக்கத்துல வெச்சுக்கோங்க. காலையில போட்ட பாத்திரம் அப்படியே இருக்கு."